நெல் அறையில் ஒரு நுளம்பு

என்னுடைய எலெக்ட்ரிக் கிட்டார் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மாமாவின் எட்டுச் செலவு அன்று, அவர் செத்து எட்டாம் நாள். அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. வட்டக்கச்சியில் எங்கள் முற்றத்தில் பந்தல் போட்டு, வாடகைக் கதிரைகளை நிரையாக அடுக்கி, விறாந்தையில் மாமாவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து வைத்திருந்தோம். கணவாய்க் கறி, முருங்கைக்காய்க் குழம்பு, ஒரு சோடாப் போத்தல், கடைசிவரை அவர் விடாத சுருட்டு. சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்க்கிறேன், கேற்றடியில் கூரியர் வான். ஒருவன் நீட்டுப் பெட்டியொன்றைத் தோளில் வைத்தபடி என் பெயரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைகிறான்.

அந்தப் பெட்டியையாவது சும்மா மட்டையாக விட்டிருக்கக் கூடாதா? அதன் முழு நீளத்துக்கும் கிட்டார்ப் படம். படத்தைச் சுற்றி நெருப்பு எரிகிற மாதிரிச் சிவப்பு. பந்தலிலிருந்த சனம் முழுக்கத் தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தது. மாமாவின் மகள், என் மனைவி, குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை இழுத்துப் பெட்டியின் மேல் போட்டாள்.

"ஐயோ கடவுளே, இண்டைக்கோப்பா இது வரவேணும்?"

"நானோ இண்டைக்கு வரச் சொன்னனான்?"

"பின்னை ஆர்? ஓடர் பண்ணினது பக்கத்து வீட்டுக்காரரோ?"

ஓடர் பண்ணியபோது மாமா உயிரோடு இருந்தார். நன்றாகவும் இருந்தார். அவர் சத்தமான மனிதர். கேற்றடியில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அங்காலும் கேட்கும். டிவியில் செய்தி போட்டால் தெரு முழுக்கச் செய்தி. கிட்டார் வாங்கப் போகிறேன் என்று நான் பயந்து பயந்து சொன்னபோது, "வாங்கும் தம்பி, எனக்குப் போட்டியா ஒரு சத்தம் வரட்டும்" என்று சிரித்தார். பிறகு ஒரு காலை, வெட்டு முடிந்து நெல் மூட்டைகள் அறைக்குள் ஏறிய கிழமை, கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவேயில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கிக்கொண்டு போகவேண்டும். நான் பளையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவன். என் பழைய மரக் கிட்டாரைத் தம்பியிடம் விட்டுவிட்டுத்தான் வந்தேன். நல்ல மனிதர்கள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்கவேண்டும். மோட்டார் சைக்கிளை உதைத்தால் போதும், "எங்க தம்பி போறியள்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த வீட்டுக்குள் எனக்கென்று ஒரு சாமான் வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. கிளிநொச்சி டவுணில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் வாசிக்கிற இசைக்குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற அண்ணை, நான் வேலை செய்கிற மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு வந்து, பிரேக் கேபிள் வாங்கிக்கொண்டே, லீட் கிட்டாருக்கு வாறியா என்று கேட்டார். அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் ஓடர் பண்ணினேன். அதற்குள் மாமா போய்விட்டார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி வைத்தது நான். கொள்ளி வைத்தவன் ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருஷத் திவசம், முடியும்வரை மேடையேற ஏலாது.

அண்ணைக்கு அது விளங்கியது. "அதுவரைக்கும் ஒரு பெடியனை வச்சு ஓட்டுறன். திவசம் முடிஞ்ச கையோட வந்து கையைக் காட்டு. சரியெண்டா இடம் உனக்கு. இல்லையெண்டா அவனுக்குத்தான், பிறகு என்னோட கோவிக்கக்கூடாது" என்றார். எனக்கென்று பார்த்து வைத்திருந்த அம்பிளிஃபயரையும் தன் ஸ்டோரிலேயே வைத்துக்கொண்டார். ஆக, எனக்கு முன்னால் ஒரு முழு வருஷம் கிடந்தது, கையில் கிட்டாரும் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

மாமா செத்த அன்றே டிவியைத் தூக்கி, முகம் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் கலைந்த பிறகு நான் மாமியிடம் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"ஆட்டைத் திவசம் முடியுமட்டும் இந்த வீட்டில பாட்டுச் சத்தம் கேக்கக்கூடாது தம்பி. ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"மாமி, இது கறண்டில வேலை செய்யிற சாமான். வயர் செருகாட்டிச் சத்தம் போடாது."

"சத்தம் போடாத கிட்டாரோ? அப்ப என்னத்துக்கு வாங்கினனீங்கள்?"

நியாயமான கேள்வி. நான் கிட்டாரைக் கொண்டுவந்து மடியில் வைத்து, வயர் இல்லாமல் ஒருமுறை கம்பிகளைத் தட்டிக் காட்டினேன். மாமி காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார்.

"நுளம்பு கத்திற மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு யோசித்தார். "சரி, நுளம்பெண்டாப் பரவாயில்லை. அதுக்கு மேல போகக்கூடாது. சொல்லிப்போட்டன்."

அன்றிலிருந்து கிட்டாருக்கு வீட்டில் நுளம்பு, அதாவது கொசு, என்றுதான் பெயர். "தம்பி எங்க, நுளம்பிட்டப் போயிட்டாரோ?" என்று மாமி மகளிடம் கேட்பது என் காதில் விழும். ஹெட்ஃபோன் போட்டிருக்கலாமே என்று இன்றைக்குப் பெடியள் கேட்கிறார்கள். ஒருநாள் ஃபோனில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு இருந்ததை மாமி கண்டுவிட்டார். "காதுக்குள்ள போனாலும் பாட்டுப் பாட்டுத்தானே தம்பி" என்றார். அத்தோடு அந்தக் கதையும் முடிந்தது.

எனக்குக் கிடைத்த இடம் நெல் அறை. குசினிக்கு அடுத்தாற்போல், ஒரேயொரு சின்ன யன்னலோடு. மாமா நெல்லை வெட்டின கையோடு விற்கிற ஆள் இல்லை, அதனால் மூட்டைகள் கூரைக்குக் கிட்ட ஏறியிருந்தன. நடுவில் ஒரு கதிரை போட மட்டும் இடம். கதவைச் சாத்தி, உள்பக்கம் ஒரு மூட்டையை இழுத்து அணைகொடுத்துவிட்டு இருந்தால், கிட்டார்ச் சத்தம் மூட்டைகளைத் தாண்டாது. நெல் இவ்வளவு சத்தத்தை விழுங்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மற்றது, சுணை. அரைமணித்தியாலம் இருந்தால் கழுத்தும் கையும் கடிக்கத் தொடங்கும். ஒரு பாட்டுக்குப் பாதி நேரம் வாசிப்பு, பாதி நேரம் சொறிச்சல்.

பெட்டியிலிருந்து எடுத்தபோது கிட்டார் வாசிக்கிற நிலையிலேயே இருக்கவில்லை. வானுக்குள் வெயிலில் கிடந்து கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. கம்பிகள் கழுத்தைவிட்டு அவ்வளவு உயரத்தில் நின்றன, அழுத்தினால் விரல் வெட்டுப்படும் போலிருந்தது. கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் நுனியை அலன் கீயால் திருகினால் கழுத்து நிமிரும். கடையிலிருந்து அலன் கீ செட்டைக் கொண்டுவந்தேன். கால் சுற்றுச் சுற்றிவிட்டு ஒருநாள் விடவேண்டும், பிறகுதான் அடுத்த கால் சுற்று. நான் விட்டேனா? மோட்டார் சைக்கிளின் நட்டை இறுக்குகிற மாதிரி ஒரேயடியாக இறுக்கினேன். கழுத்து பின்பக்கம் போய், எந்தக் கம்பியைத் தொட்டாலும் கரகரவென்று உரசியது. "உனக்கு நல்லா வேணுமடா" என்று என்னையே ஏசிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கம்பிகள் இருக்கிற சின்ன இரும்புத் துண்டுகளை உயர்த்திப் பதித்து, ஃபோனைப் பார்த்துச் சுருதி சேர்த்து, ஒரு வழிக்குக் கொண்டுவரச் சித்திரை பிறந்துவிட்டது.

மரக் கிட்டார் பழகின கைக்கு இது வேறு சாதி. கழுத்து ஒல்லி, கம்பி மெல்லிசு, உடம்போ பாரம். மரக் கிட்டாரில் அழுத்துகிற அளவுக்கு இதை அழுத்தினால் சுரம் ஏறிப்போய்விடும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கேட்காமல் வாசிப்பதுதான். ஒரு நாள் தற்செயலாகக் குனிந்தபோது தாடை கிட்டாரின் விளிம்பில் முட்டியது. எலும்புக்குள்ளால் சத்தம் வந்தது. அட! தடிப்பான, முழுச் சத்தம், எனக்கு மட்டும். அதன் பிறகு நான் நிமிர்ந்திருந்து வாசித்ததேயில்லை. கிட்டாரின் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டு, முதுகு கூனி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி யன்னலால் பார்த்துவிட்டு, "என்னப்பா, அதோட இரகசியம் கதைக்கிறியளோ?" என்றாள்.

வைகாசியில் முதல் தொகுதி மூட்டைகள் மில்லுக்குப் போயின. அன்று பின்னேரம் நான் வழமைபோல வாசித்துக்கொண்டிருக்க, குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"தம்பி, இண்டைக்கு நுளம்பு பெருத்துப்போச்சு."

மூட்டை போன பக்கத்துச் சுவர் சத்தத்தைத் திருப்பி எறிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. கையை மெதுவாக்கினேன். ஆனியில் லொறி வந்து இன்னொரு அடுக்கு ஏறியது. இன்னும் மெதுவாக்கினேன். அறை பெரிதாகப் பெரிதாக எனக்கு இடம் குறைந்துகொண்டே போனது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஒவ்வொரு மூட்டை வெளியே போகும்போதும் வாசலில் நின்று எண்ணினேன். லொறிக்காரன் மூட்டையைத் தூக்க, "அதை விடுங்கோ, அது விதைநெல்" என்று பொய்கூடச் சொல்லிப் பார்த்தேன். மாமி, "விதைநெல் அந்தப் பக்கம் தம்பி" என்று திருத்திவிட்டார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது கையின் அடிப்பக்கத்தைக் கம்பிகளின் மேல் பதித்துக்கொண்டு அடித்தால், சுரம் வந்த கையோடு அமுங்கிவிடும். அப்படியே பழகினேன். நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஆவணியில் சோளகக் காற்று வறட்டி எடுத்தது. மரம் காய்ந்து சுருங்கியதில், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளின் நுனிகள் வெளியே துருத்தி உள்ளங்கையைக் கீறின. அரத்தால் ஒவ்வொன்றாக ராவிக்கொண்டிருந்தபோது அண்ணை ஃபோன் எடுத்தார். வவுனியாவில் ஒரு கலியாண மண்டபம், பெடியனுக்குக் காய்ச்சல், ஒரே ஒரு நாள், எங்கட ஆக்கள் ஒருத்தரும் காணமாட்டினம், வாறியா?

போகத்தான் வெளிக்கிட்டேன். கிட்டாரை உரப்பைக்குள் போட்டுச் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி கேற்றடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நான் வர, விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கேற்றை அகலத் திறந்துவிட்டார். அதுதான் மோசம். உரப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொள்ளி வச்ச கை தம்பி. யோசிச்சுச் செய்யுங்கோ."

போகாதேங்கோ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். திறந்த கேற்றுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திருப்பிக்கொண்டு உள்ளே வந்தேன். எனக்கு வந்த கோபம் மாமி மேலா, மாமா மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மாரி அந்தமுறை பிந்தி வந்தது. ஈரத்துக்குக் கழுத்து திரும்ப வளைந்தது, நான் திரும்ப அலன் கீயை எடுத்தேன். இந்தமுறை கால் சுற்று, ஒருநாள் பொறுத்து அடுத்த கால் சுற்று. பொறுமையைப் பற்றி எனக்கு இனி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பாட்டுகள் கையில் ஏறிவிட்டன. அண்ணையின் குழு வாசிக்கிற பாட்டு ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிழையில்லாமல் வாசிப்பேன். திவசம் எப்போது வரும் என்று கலண்டரைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு நல்ல மனிதரின் திவசத்துக்கு இப்படி அந்தரப்பட்ட மருமகன் இந்த வன்னியில் வேறு யாரும் இருக்கமாட்டான்.

திவசம் வந்தது. ஐயர் வந்து கிரியை செய்தார், சனம் வந்து சாப்பிட்டது. கணவாய்க் கறி திரும்பவும் மாமாவின் படத்துக்கு முன்னால் வந்தது. மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, கிட்டாரை வெளிப்படையாகத் தோளில் மாட்டிக்கொண்டு டவுணுக்குப் போனேன். "எங்க தம்பி போறியள்?" என்ற கேள்விக்கு, "வாசிக்கப் போறன் மாமி" என்று சொன்னேன். அதைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அண்ணையின் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ட்ரம்ஸ்காரரும் கீபோர்ட்காரரும் தயாராக இருந்தார்கள். என் இடத்தில் வாசித்த பெடியனும் ஒரு மூலையில் நின்றான். வயரைச் செருகினேன். அண்ணை கைகாட்டினார், பாட்டுத் தொடங்கியது. நான் ஒரு சுரமும் பிழைவிடவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அண்ணை பாதியில் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"மச்சான், கையை எடுத்திட்டு அடி. ஏன் அமுக்கிறாய்?"

எடுத்துவிட்டு அடித்தேன். அவ்வளவுதான், நான் தொடாத கம்பிகளும் சேர்ந்து அலறின. அதுவரை எனக்குக் கேட்டிராத சத்தங்கள் எல்லாம், விரல் உரசுவது, பக்கத்துக் கம்பி முனகுவது, ஒரு வருஷமாக நான் செய்துகொண்டிருந்த அத்தனை அசிங்கமும் அந்த அம்பிளிஃபயருக்குள்ளிருந்து வெளியே வந்தன. நான் திடுக்கிட்டுக் கிட்டாரிலிருந்த குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தேன். அண்ணை வந்து கூட்டிவிட்டார். அடுத்த வரி வர, என்னையறியாமல் கை போய்த் திரும்பக் குறைத்தது. தலை தன்பாட்டில் குனிந்து தாடை கிட்டாரில் போய் ஊன்றியது. மூலையில் நின்ற பெடியன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தான்.

"களவெடுக்க வந்தவன் மாதிரி அடிக்கிறியேடா" என்றார் அண்ணை. ஏசவில்லை, கவலையாகத்தான் சொன்னார். "சுரமெல்லாம் கிடக்கு. ஆனால் ஆரோ பக்கத்து அறையில படுத்திருக்கிற மாதிரியெல்லோ அடிக்கிறாய்? அம்பிளிஃபயரைக் கொண்டுபோ. வீட்டில வச்சுச் சத்தமா அடிச்சுப் பழகு. சித்திரை வரைக்கும் தாறன், அதுக்கு மேல ஏலாது."

அம்பிளிஃபயரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். மாமி கேற்றைத் திறந்துவிட்டார். வெட்டுப் பிந்தியதால் நெல் அறை வெறுமையாகக் கிடந்தது. கதவுக்கு அணைகொடுக்கிற மூட்டை மட்டும்தான் மிச்சம். அதை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் வயரைச் செருகினேன். ஏன் வைத்தேன்? கேட்டால் எனக்குத் தெரியாது.

அடித்தேன். கை போய்க் கம்பியில் பதிந்தது. கையை எடுத்து அடித்தேன். சத்தம் சுவரில் மோதித் திரும்ப, குமிழைக் குறைத்தேன். திரும்பக் கூட்டினேன், திரும்பக் குறைத்தேன். தடுக்க ஆளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். சரியான பயித்தியக்காரன் மாதிரி அந்த வெறும் அறைக்குள் இருந்து அழுதேன்.

கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ? நான் விறாந்தையில வந்து இருக்கிறன், ஒண்டையும் காணேல்லை."

மூட்டையைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். "தொடங்கிட்டன் மாமி."

"பின்னை ஏன் கேக்குதில்லை? இனி ஆருக்குப் பயம்? திவசம் முடிஞ்சுதுதானே."

மாமிக்குப் பின்னால் விறாந்தை தெரிந்தது. டிவி இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. திவசம் முடிந்தும் ஒருவரும் அதைத் திருப்பவில்லை.

"பழகிப்போச்சு மாமி" என்றேன்.

மாமி திரும்பி அந்த டிவியைப் பார்த்தார்.

"எனக்கும்தான்" என்றார். பிறகு உள்ளே வந்து அந்த மூட்டையின் மேல் மெல்ல இருந்துகொண்டார். "அந்த மனிசன் சத்தம் போடேக்குள்ள எத்தினை தரம் ஏசியிருப்பன், வாயை மூடுங்கோ, வாயை மூடுங்கோ எண்டு. இப்ப இந்த வீட்டில இருக்கேலாமக் கிடக்கு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நீங்கள் அடியுங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்."

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். குமிழைக் கூட்டினேன். கை பழையபடி கம்பியில் போய்ப் பதிந்தது. அடித்தேன்.

"கேக்கேல்லைத் தம்பி" என்றார் மாமி.